கோத்தகிரிப் பக்கம் நான் பயமில்லாமல் சாப்பிடும் ஒரு மெஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மெஸ்ஸுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலையில், அரவேணு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், தேயிலைச் சரிவை ஒட்டிய ஒரு வளைவில் தகரக் கூரை போட்ட டீக்கடை ஒன்று இருக்கும். அதன் பக்கவாட்டில் பச்சை பெயின்ட் அடித்த கதவு, திறந்தால் நாலு மேஜை, பதினாலு பேர் உட்காரலாம். "அக்கா மெஸ்" என்று கேட்டால் பஸ் கண்டக்டரே இறக்கிவிடுவார். டீக்கடை அண்ணனுடையது, மெஸ் அக்காவுடையது. புருஷன் பெண்டாட்டிதான், ஆனால் இரண்டும் தனித்தனிக் கடை, தனித்தனி அடுப்பு. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன், எனக்கு அதுதான் முக்கியம்.

எனக்கு சீலியாக் நோய், கோதுமை மாதிரி தானியம் உள்ளே போனால் குடல் பழுதாகும். மூன்று வருடமாகக் கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் சாப்பிடுவதில்லை, அவற்றைக் கிளறிய கரண்டி என் சாப்பாட்டில் படவும் விடுவதில்லை. இந்த மூன்று வருடத்தில் நீலகிரியில் வெளியே உட்கார்ந்து வயிறார நான் சாப்பிட்ட இடம் இது ஒன்றுதான். அதனால் இது கொஞ்சம் நீளமாகத்தான் வரும். சாப்பாடு எப்படி என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் நேராகக் கீழே போய்விடலாம். இதே பிரச்சினை உள்ளவர்கள், அல்லது வீட்டில் யாருக்காவது எத்தனை மாத்திரை கொடுத்தும் ரத்தம் ஏறாமல் இருப்பவர்கள், தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

எனக்கு முதலில் வந்தது வயிற்றுவலி இல்லை, களைப்பு. குன்னூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். மாடி ஏறி வகுப்புக்குப் போவதற்குள் மூச்சு வாங்கும், போர்டில் நாலு வரி எழுதினால் கை தானாகக் கீழே இறங்கிவிடும். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.6. பெண்களுக்கு 12-க்குக் குறையக்கூடாது. இரும்புச் சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஆட்டு ஈரல், டாக்டர் சொன்னது, அம்மா சொன்னது, பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னது என்று ஒன்று விடாமல் இரண்டு வருடம் சாப்பிட்டேன். 7.6 என்பது 8.4 ஆகும், மாத்திரையை நிறுத்தினால் பழையபடி இறங்கும். வாய்ப்புண் ஆறுவதற்குள் இன்னொன்று வரும். சாயங்காலம் ஆனால் வயிறு மத்தளம் மாதிரி உப்பிக்கொள்ளும். வாயு என்றார்கள், டென்ஷன் என்றார்கள், ஒரு டாக்டர் "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜம்மா" என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இதில் எனக்கு இன்றும் மனசு கேட்காத விஷயம் ஒன்று உண்டு. அப்பாவுக்குச் சர்க்கரை, எனக்கும் வந்துவிடக்கூடாது என்று எல்லோரும் சொன்னபடி ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்திக்கு மாறினேன். காலையில் சம்பா ரவை உப்புமா. நாலரை மணிக்கு ஸ்டாஃப் ரூமில் டீயும், மைதாவில் அடுக்கடுக்காகச் செய்யும் வர்க்கியும். அதாவது எது என்னைத் தின்றுகொண்டிருந்ததோ அதையே, உடம்புக்கு நல்லது என்று நினைத்து, வேளை தவறாமல் எனக்கு நானே ஊட்டிக்கொண்டிருந்தேன்.

கோயம்புத்தூரில் ஒரு குடல் மருத்துவர்தான் கண்டுபிடித்தார். "மாத்திரை போட்டும் இரும்பு ஏறலேன்னா மாத்திரைல தப்பில்லம்மா, உறிஞ்சற இடத்துல தப்பு" என்றார். ஒரு பேப்பரை எடுத்துச் சிறுகுடலின் உட்சுவரை வரைந்தார், விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள். நாம் சாப்பிடுவதில் உள்ள சத்தை இழுத்து ரத்தத்துக்கு அனுப்புவது அவைதான். கோதுமையிலும் பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், சீலியாக் உள்ளவர்களின் நோய் எதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே தாக்க ஆரம்பிக்கும், அந்த விரல்கள் தேய்ந்து தேய்ந்து தட்டையாகிவிடும். இரும்பை அதிகம் உறிஞ்சுவது சிறுகுடலின் முதல் பகுதி, அடி முதலில் விழுவதும் அங்கேதான். அதனால்தான் பலருக்குப் பேதி, வயிற்றுவலி என்று எதுவும் பெரிதாகத் தெரியாமல் ரத்தசோகை மட்டும் தெரிகிறது. இது அலர்ஜி இல்லை. பழகினால் சரியாகிவிடும் என்கிற வகையும் இல்லை.

டிடிஜி ஐஜிஏ என்று ஒரு ரத்தப் பரிசோதனை. எனக்கு இயல்பைவிடப் பல மடங்கு வந்தது. அப்புறம் எண்டோஸ்கோபி செய்து சிறுகுடலின் ஆரம்பத்திலிருந்து கடுகளவு துண்டுகள் சிலவற்றை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதுவரை கோதுமையை நிறுத்தவே கூடாது என்று டாக்டர் இரண்டு முறை அழுத்திச் சொன்னார். இதைப் படிக்கும் யாருக்காவது சந்தேகம் இருந்தால் இதை நினைவில் வையுங்கள். நாமாகவே நிறுத்திவிட்டுப் போனால் குடல் ஆற ஆரம்பித்துவிடும், பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்துவிடும். உறுதியான பிறகு என் மகளுக்கும் என் கூடப்பிறந்த அண்ணனுக்கும் பார்க்கச் சொன்னார், பரம்பரையாக வர வாய்ப்புள்ளது என்பதால். இருவருக்கும் இப்போதைக்கு இல்லை.

மருந்து என்று எதுவும் எழுதித் தரவில்லை. இழந்த சத்துக்கு மட்டும் மாத்திரை. மற்றபடி வாழ்நாள் முழுக்கக் கோதுமை கூடாது, ஒரு துணுக்குக்கூட. இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை உலகத்துக்கு உறுதியாகக் காட்டியவர் நெதர்லாந்தில் டிக்கே என்ற குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-இல், அங்கே ரொட்டிக்கே பஞ்சம். ஊரெல்லாம் பட்டினியில் வாட, இந்த நோய் உள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்கள், ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். டாக்டர் இதைச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எந்தப் பிள்ளைக்கும் இப்படித் தெரியவந்திருக்க வேண்டாம்.

சரி, வீட்டுக்கு வந்தேன். எல்லோரும் ஒரே மாதிரி ஆறுதல் சொன்னார்கள்: "நமக்கென்ன, இட்லி தோசை சோறு இருக்கு, கோதுமை வடக்கத்திக்காரங்க சாப்பாடுதானே." இந்த நோய் வடக்கே அதிகம், தெற்கே மிகக் குறைவு, அது உண்மைதான். வீட்டுச் சமையலில் சமாளிப்பது நமக்கு எளிது, அதுவும் உண்மை. ஆனால் படி தாண்டி வெளியே போனால் தெரியும். நம் சாப்பாட்டில் கோதுமை எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று எனக்கு நாலைந்து தடவை படுத்த பிறகுதான் புரிந்தது.

முதல் திருடன் பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும், டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கும், நாம் ஜென்மத்தில் திருப்பிப் பார்த்திருக்க மாட்டோம். சாம்பார், ரசம், மோர்க்குழம்பு, ஊறுகாய் எல்லாவற்றிலும் அது. ஹோட்டலில் சாதாத் தோசை கேட்டால் ரவா தோசை வார்த்த அதே கல்லில், அதே தோசைத் திருப்பியால் எடுத்துப் போடுவார்கள். ராகி தோசை என்று ஆசையாகக் கேட்டால் "நல்லா வரணும்னு கொஞ்சம் கோதுமை மாவு சேப்போம்" என்பார்கள். வடை பொரித்த எண்ணெயில்தான் முன்னால் பூரி பொரித்திருப்பார்கள். ஃப்ரைட் ரைஸ் அரிசிதானே என்றால் அதில் ஊற்றும் சோயா சாஸ் பலவற்றில் கோதுமை. சிறுதானிய சேமியா, சிறுதானிய நூடுல்ஸ் பாக்கெட்டை வாங்கித் திருப்பினால் பலவற்றில் முதல் பொருளே மைதாவோ கோதுமையோதான். சத்துபானம் என்று குழந்தைக்குக் கலக்கும் மால்ட் பவுடர் பெரும்பாலும் பார்லி. கல்யாண வீட்டில் இலையில் சோற்றுக்குப் பக்கத்திலேயே பூரியும் கேசரியும் வைத்துவிட்டுப் போவார்கள், வேண்டாம் என்று கை காட்டினால் கோபித்துக்கொள்வார்கள்.

அப்புறம் மாவு மில். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அரிசியைக் கழுவிக் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வருகிறோம், நம் அரிசி நம் மாவு என்று நினைக்கிறோம். நமக்கு முன்னால் அந்த மெஷினில் விழுந்தது யாருடைய கோதுமையோ. இந்தியாவில் ஒரு பாக்கெட்டில் க்ளூட்டன் இல்லை என்று அச்சடிக்க வேண்டுமென்றால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஒரு கிலோவில் 20 மில்லிகிராம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள், மில்லின் சல்லடை ஓரத்தில் ஒட்டியிருக்கும் மாவே அதைவிட எவ்வளவோ அதிகம்.

இப்படியாக ஒன்றரை வருடம் எங்கே போனாலும் கையில் தூக்குப் பாத்திரம். பள்ளியில் பிள்ளைகளைக் கோடநாட்டுக்குச் சுற்றுலா அழைத்துப் போன அன்று பாத்திரத்தை பஸ்ஸிலேயே மறந்து வைத்துவிட்டேன், பஸ் டிரைவர் டீசல் போட எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்னொரு நாள் கோத்தகிரியில் டிரெயினிங், முடிய மூன்று மணி ஆகிவிட்டது, பசியில் கண் இருட்டியது. கூட வந்த டீச்சர் ஒருவர் வலுக்கட்டாயமாக இந்த மெஸ்ஸுக்குக் கூட்டி வந்தார். எனக்குச் சாப்பிடும் எண்ணமே இல்லை, மோர் மட்டும் வாங்கிக் குடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

அக்கா வந்து "ஏன் கண்ணு, இலை போடட்டா?" என்றார். நான் வழக்கமாகச் சொல்கிற பாட்டை ஆரம்பித்தேன், எனக்குக் கோதுமை ஒத்துக்காதுக்கா, மைதா, ரவை, கொஞ்சம் பட்டாலும்... முடிக்கக்கூட விடவில்லை. "அட, அந்தப் பாப்பா சீக்கா?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா முன்னால் வெலிங்டனில் ராணுவ அதிகாரி ஒருவர் வீட்டில் மூன்று வருடம் சமையல் வேலை செய்தவர். பஞ்சாபிக் குடும்பம், ஆறு வயதுப் பெண் குழந்தைக்கு இதே நோய். சப்பாத்தி இல்லாமல் சாப்பாடே இல்லாத ஒரு வீட்டில் அந்தக் குழந்தைக்கு மட்டும் தனி அடுப்பு, தனிக் கல், தனி உப்பு டப்பா வைத்துச் சமைத்திருக்கிறார். உப்பு டப்பா ஏன் தனி என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே எனக்குப் புரிந்தது. மாவு பிசைந்த கையை உப்பில் விடுவோம் இல்லையா, அதற்காக. அந்த நிமிஷம் எனக்கு வந்த நிம்மதியை எழுதத் தெரியவில்லை. நோய் தெரிந்த நாளிலிருந்து முதல் முறையாக நான் விளக்கம் சொல்ல வேண்டிய அவசியமில்லாத ஒருவர் எதிரே நின்றார்.

"வா, வந்து பாரு" என்று சமையலறைக்கே கூட்டிப் போனார். அலமாரியில் இரண்டு பெருங்காய டப்பா. ஒன்றை எடுத்துத் திருப்பி, கண்ணாடி இல்லாமல் தூரமாகப் பிடித்து, விரலால் வரியைத் தொட்டுக் காட்டினார்: கோதுமை மாவு. "இது நான் ஏமாந்து வாங்குனது, புதுசா வேலைக்கு வர்ற புள்ளைங்களுக்குக் காட்டறதுக்கு வெச்சிருக்கேன்." டேப் போட்டு ஒட்டியிருந்தது, திறக்க முடியாதபடி. இன்னொன்றில் அரிசி மாவு என்று போட்டிருந்தது, அதைத்தான் சமையலுக்கு எடுக்கிறார். சமையலறைக்குள் கோதுமை, மைதா, ரவை மூன்றும் வருவதில்லை. அண்ணன் கடையில் பன்னும் வர்க்கியும் விற்கிறார்கள் என்பதால்தான் அது தனிக் கடை, தனி அடுப்பு, தனித் தண்ணீர்க் குடம். அண்ணன் மெஸ்ஸுக்குள் வந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வருகிறார். பின்கட்டில் வீட்டு உபயோக மாவு மெஷின் ஒன்று, அதில் ராகி, சாமை, அரிசி தவிர வேறு எதையும் போட்டதில்லை என்றார்.

இத்தனையும் எனக்காகச் செய்தது இல்லை, எனக்கு முன்னாலிருந்தே அப்படித்தான். பாப்பா குடும்பம் மாற்றலாகிப் போன பிறகும் கை பழகிவிட்டது என்றார்.

இனி சாப்பாடு. மதியம் மட்டும் முழுச் சாப்பாடு, 110 ரூபாய். அரிசிச் சோறு அல்லது சாமைச் சோறு, கேட்டதைப் போடுவார்கள். சாமையைத் தேர்ந்தெடுங்கள். கூழாகக் குழையாமல், விறைத்தும் போகாமல், பிசைந்தால் குழம்பை இழுத்துக்கொள்ளும் பதத்தில் வடித்திருப்பார். இந்த மலையில் தேயிலை பரவும் முன்னால் சாமையும் ராகியும்தான் முக்கிய விளைச்சல், கூடவே கோதுமையும் பார்லியும்கூட விளைந்திருக்கின்றன. அதனால் மலைக்கிராமத்துப் பழைய சாப்பாடு என்றாலே நமக்கு ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதீர்கள், விசேஷ வீடுகளில் செய்யும் பலகாரம் சிலவற்றில் கோதுமை மாவு உண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

குழம்பில் அவரைக் குழம்புதான் ராஜா. உரித்த அவரைப் பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு, மல்லியும் மிளகாயும் வறுத்து அரைத்து, திக்காக இருக்கும், கோத்தகிரிக் குளிருக்கு அதை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டால் காது வரை சூடு ஏறும். காரம் அதிகம், குழந்தைகளைக் கூட்டிப்போனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கீரை தினமும் உண்டு, தோட்டத்தில் பறித்தது. பூண்டு ரசம் நன்றாக இருக்கும். கேரட் பீட்ரூட் பொரியல் சுமார்தான், சில நாள் வேகாமல் வரும். அப்பளம் போடமாட்டார், எந்த அப்பளத்தில் என்ன மாவு என்று தேடிக்கொண்டிருக்க முடியாது என்பார். எனக்கு அது பெரிய குறை இல்லை, என் வீட்டுக்காரருக்குக் குறைதான். மோர் கெட்டியாக இருக்கும். பாயசம் ஞாயிற்றுக்கிழமை மட்டும், சேமியா இல்லாமல் ஜவ்வரிசியில்.

புதன், சனிக்கிழமைகளில் ராகிக் களி. உள்ளங்கையை நனைத்து உருட்டி இலையில் வைப்பார்கள், நடுவில் கட்டை விரலால் குழி செய்து கீரைக் கடைசலை ஊற்றுவார்கள். என் மகள் வீட்டில் களி என்றால் எழுந்து ஓடுவாள், இங்கே இரண்டு உருண்டை சாப்பிட்டாள்.

நாலு மணிக்கு மேல் பணியாரம், அடை, சில நாள் ஆப்பம். இங்கே குளிருக்கு மாவு சுலபத்தில் புளிக்காது, கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். அக்கா மாவுத் தவலையைப் பழைய கம்பளியில் சுற்றி விறகடுப்புக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க வைத்துவிடுகிறார். குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும் அதைப் பார்க்க. அப்படியும் மார்கழி, தை மாதத்தில் சில நாள் மாவு பொங்காது, பணியாரம் கொஞ்சம் அழுத்தமாகத்தான் வரும். சாமைப் பணியாரத்தில் வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துப் போட்டு, ஒரு பக்கம் நன்றாகச் சிவக்க விட்டு எடுப்பார். ஆறு பணியாரம் 40 ரூபாய். பூண்டுச் சட்னியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வர்க்கியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொல்கிற மாதிரி ஆகும். வர்க்கி மைதா. விறகு அடுப்பில் அது வேகும் வாசனை நாலு மணிக்கு எங்கள் தெரு முழுக்க வரும், சின்ன வயதில் தாத்தா காகிதப் பொட்டலத்தில் வாங்கி வருவார், மேல் அடுக்கு முதலில் எனக்குத்தான். நோய் என்று தெரிந்த நாளிலிருந்து இன்றுவரை நான் மற்ற எதற்கும் அழுததில்லை, அந்த வாசனைக்கு மட்டும் இரண்டு முறை அழுதிருக்கிறேன். இதை ஒரு நாள் அக்காவிடம் சொன்னேன். அடுத்த முறை போனபோது அரிசி மாவும் தினை மாவும் வெண்ணெயும் போட்டு வர்க்கி மாதிரி ஒன்று செய்து வைத்திருந்தார். கையில் எடுத்ததுமே உதிர்ந்துவிட்டது. அடுக்கு வருவதற்கு மாவு இழுபட வேண்டும், அந்த இழுவையைக் கொடுப்பதே க்ளூட்டன்தான், அது இல்லாமல் வராது. மூன்று தடவை முயற்சி செய்துவிட்டு அக்கா ராகி முறுக்குக்கு மாறிவிட்டார், எள்ளும் ஓமமும் போட்டது. அது வர்க்கி இல்லை. ஆனால் மழை நாளில் கடுங்காப்பியோடு கடித்தால் கை அடுத்ததைத் தேடிப் போகும். கால் கிலோ 100 ரூபாய், முந்தின நாள் சொன்னால் கிடைக்கும்.

இப்போது ஒரு குறை. மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் நான் இந்த இடத்தை இவ்வளவு நம்புவதற்கே அதுதான் காரணம்.

போன வருடம் ஒரு புதன்கிழமை களி சாப்பிட்டுவிட்டு வீடு போய்ச் சேர்ந்த மூன்று மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொண்டது. ராத்திரி முழுக்க வலி, மறுநாள் தலை தூக்க முடியவில்லை, மூன்று நாள் லீவு. என் உடம்புக்கு இது பழகிய அடையாளம், எங்கேயோ கோதுமை பட்டிருக்கிறது. அம்மா "இதுக்குத்தான் வெளிய சாப்பிடாதேன்னு தலையால அடிச்சுக்கிறேன்" என்றார். எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம், இந்த ஒரு இடமும் போய்விட்டதே என்று. ஒரு வாரம் கழித்து போன் செய்தேன். சண்டை போடுவதற்கு இல்லை, வேறு யாருக்காவது நடந்துவிடக்கூடாது என்று சொல்வதற்கு.

அக்கா "எங்க வீட்ல அப்படி நடக்காதே" என்று சொல்லவில்லை. எந்த நாள், எத்தனை மணிக்கு, என்னென்ன இலையில் இருந்தது, டீ குடித்தேனா, தண்ணீர் எங்கே எடுத்தேன், ஒவ்வொன்றாகக் கேட்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: அந்த வாரம் மாவு மெஷினின் பெல்ட் அறுந்துவிட்டது. ரிப்பேருக்குக் கொடுத்திருந்தார்கள். உதவிக்கு இருக்கும் பையன், அக்காவிடம் சொல்லாமல், ராகியைக் கொண்டுபோய் ஊர் மில்லில் அரைத்து வந்துவிட்டான். அக்கா அவனைக் கூப்பிட்டுக் கேட்டதும் ஒத்துக்கொண்டான். மீதி இருந்த மாவை அன்றைக்கே மாட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு, மாவு வைத்திருந்த டின்னையும் சலித்த சல்லடையையும் மாற்றிவிட்டார். பையனைத் திட்டினீர்களா என்று கேட்டேன். "அவனுக்குத் தெரியாது கண்ணு, நான் சொல்லிக் குடுக்காதது என் தப்பு" என்றார். அந்த வார்த்தைக்காக நான் மறுபடி போனேன்.

போனபோது கதவுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பழைய சிலேட் ஒன்று ஆணியில் தொங்கியது. மெஷின் ஓடாத நாளில் அதில் எழுதிவிடுவார்கள், அன்றைக்கு ராகி எதுவும் கிடையாது, களியும் இல்லை, முறுக்கும் இல்லை. எழுதுவது அந்தப் பையன்தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். செவ்வாய்க்கிழமை லீவு. மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை சாப்பாடு, ஆனால் சாமைச் சோறு இரண்டு மணிக்கே தீர்ந்துவிடும். குன்னூரிலிருந்து வருபவர்கள் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி மேட்டுப்பாளையம் பஸ் பிடிக்க வேண்டும். சீசன் நேரத்தில், ஏப்ரல் மே இரண்டு மாதமும், சுற்றுலாக் கார்கள் முழுக்க இங்கே நிற்கும், கூட்டம் தாங்காது. அந்தச் சமயத்தில் உங்கள் பிரச்சினையைச் சொல்லி அக்காவிடமே நேராகப் பேசுங்கள், பரிமாறும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். டீ வேண்டுமென்றால் அண்ணன் கடையில் வாங்காமல் மெஸ்ஸுக்குள்ளேயே கேளுங்கள், போட்டுத் தருவார்கள், முன்பக்கம் கண்ணாடி ஜாடிகளில் வர்க்கியும் பன்னும் இருக்கின்றன, அண்ணன் அந்தக் கையாலேயே கிளாஸையும் எடுப்பார். கழிப்பறை சுமார், தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். ஜிபே உண்டு, சிக்னல் கிடைத்தால்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கோதுமையை நிறுத்திய ஆறாவது மாதம் டிடிஜி பாதிக்குக் கீழே இறங்கியது, ஒன்றரை வருடத்தில் இயல்புக்கு வந்துவிட்டது. ஹீமோகுளோபின் இப்போது 12.3. இரும்பு மாத்திரை போன வருடம் நின்றது. எலும்பின் அடர்த்தி குறைந்திருந்தது, அதற்கு இன்னும் கால்சியமும் வைட்டமின் டி-யும் எடுக்கிறேன். மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை.

போன சனிக்கிழமை மறுபடி போயிருந்தேன். வழியெல்லாம் சாரல், பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடுவதற்குள் புடவை முந்தானை நனைந்துவிட்டது. களி சாப்பிட வேண்டும் என்று மகள் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். சிலேட்டில் கோணல் மாணலாக எழுதியிருந்தது: இன்னிக்கு ராகி இல்ல. அவள் முகம் சுருங்கியது. அக்கா அவள் தலையைத் துவட்டிவிட்டு, சாமைச் சோற்றை இலையில் வைத்து, அவரைக் குழம்பைக் காரம் குறைத்துத் தனியாக எடுத்து வைத்திருந்ததை ஊற்றினார்.